விசில் யாருக்காக? மும்பைத் தமிழர்களும் முழக்க நாகரிகமும்

மும்பை வான்கடே மைதானத்தில் மும்பை இந்தியன்ஸ் அணியும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் மோதும் நாளில், தென் மும்பைக்குச் செல்லும் புறநகர் மின்சார ரயில்களில் இரண்டு நிறங்கள் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்கின்றன. ஒன்று நீலம், மற்றொன்று மஞ்சள். தாராவியைச் சுற்றியுள்ள சயான், மாஹிம் நிலையங்களிலும், மாட்டுங்காவிலும், துறைமுக வழித்தடத்தில் உள்ள செம்பூரிலும் ஏறுவோரில் இரு நிறத்தினரும் உண்டு; இரு நிறத்திலும் தமிழர்கள் உண்டு.

நெரிசலில் நிற்கும் முன்பின் அறியாத இருவர் ஒரே நிறச் சட்டையில் இருந்தால், அறிமுகத்துக்குப் பெயரோ ஊரோ தேவைப்படுவதில்லை. ஒருவர் 'விசில் போடு' என்பார். மற்றவர் விரலை வாயில் வைத்து விசிலடிப்பார். எதிர் வரிசையிலிருந்து மும்பை அணிக்கான இந்தி முழக்கம் எழும். பெரும்பாலான நாட்களில் இது சிரிப்போடு முடிந்துவிடுகிறது. முடியாத நாட்களும் உண்டு. எந்தச் சொல் விளையாட்டு, எந்தச் சொல் வம்பு என்பதற்கு எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால், பொதுவிடத்தில் முழக்கம் எழுப்புவது என்பது மும்பைத் தமிழர்களைப் பொருத்தவரை வெறும் பொழுதுபோக்கு விவகாரமாக ஒருபோதும் இருந்ததில்லை. இந்நகரில் அவர்களுக்கு எதிராகவே ஒரு முழக்கம் ஒலித்த காலம் உண்டு.

புங்கி முழக்கம்

1960 மே 1-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் உருவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'மார்மிக்' என்னும் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார் பால் தாக்கரே. அதற்கு முன்பு அவர் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழில் கேலிச்சித்திரக்காரராகப் பணியாற்றியவர். பின்னாளில் நாடறிந்த கேலிச்சித்திரக்காரரான ஆர்.கே. லட்சுமண் அங்கே அவருடன் பணியாற்றினார். மும்பையின் அலுவலகங்களில் உயர் பதவிகளையும் எழுத்தர் வேலைகளையும் தென்னிந்தியர்களே பிடித்துக் கொள்கின்றனர் என்பது மார்மிக்கின் தொடர் குற்றச்சாட்டாயிற்று. நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் அந்த இதழில் வெளியாயின. 1966 ஜூன் 19-இல் சிவசேனை பிறந்தது.

'பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி' என்ற முழக்கம் அக்காலத்தில் அக்கட்சியோடு சேர்த்துப் பேசப்பட்டது. புங்கி என்பது பாம்பாட்டி ஊதும் மகுடி. 'மகுடியை ஊது, லுங்கிக்காரனை விரட்டு' என்பது அதன் பொருள். உடுப்பி உணவகங்களும் தென்னிந்தியர்களின் கடைகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. வேலை தேடி வந்த நகரத்தில், உடுத்தும் உடையே ஒருவரை அடையாளம் காட்டி ஆபத்தில் தள்ளிய காலம் அது.

அவ்வாறு விரட்டப்பட வேண்டியவர்களாகச் சித்திரிக்கப்பட்டவர்கள் இந்நகரின் நேற்றைய விருந்தாளிகள் அல்லர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஈடுபட்டிருந்தனர். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தொடங்கப்பட்டது. அப்பகுதியின் கஃபே மெட்ராஸ் 1940-லும், ராம நாயக்கின் உடுப்பி உணவகம் 1942-லும் தோன்றின. சண்முகானந்தா சபை 1952-இல் உருவானது. செம்பூரின் செட்டா நகரில் முருகனுக்குக் கோயில் எழுந்தது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர்.

சிவசேனையின் பார்வை பின்னர் வேறு திசைகளுக்குத் திரும்பியது. தென்னிந்தியர்கள் மீதான பகைமையும் மெல்லத் தணிந்தது. 2014-இல் சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து கேப்டன் தமிழ்ச்செல்வன் பாஜக வேட்பாளராக வென்று மகாராஷ்டிர சட்டப்பேரவைக்குச் சென்றார். 2019-லும் 2024-லும் மீண்டும் வென்றார். ஆயினும் முழக்கங்களுக்கு ஆயுள் அதிகம். 2026 ஜனவரியில் நடைபெற்ற மும்பை மாநகராட்சித் தேர்தல் பிரசாரத்தில், மும்பை மகாராஷ்டிரத்துக்கு மட்டுமான நகரம் அன்று, சர்வதேச நகரம் என்னும் பொருள்படத் தமிழக பாஜக முன்னாள் தலைவர் அண்ணாமலை பேசினார். அதற்குப் பதிலளித்த ராஜ் தாக்கரே, அவரைக் கேலி செய்ததோடு, அந்தப் பழைய புங்கி முழக்கத்தையும் மேடையில் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அரை நூற்றாண்டு கடந்தும் அச்சொற்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

மஞ்சள் வந்த வழி

இந்தப் பின்னணியில்தான் வான்கடேயில் ஒலிக்கும் தமிழ் விசிலைப் பார்க்க வேண்டும்.

ஐபிஎல் போட்டிகள் 2008 ஏப்ரல் 18-இல் தொடங்கின. அந்த ஆண்டு மே 14-ஆம் தேதி சென்னை அணி முதன்முறையாக வான்கடேயில் மும்பையைச் சந்தித்தது. சனத் ஜெயசூரியா 48 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 114 ரன்கள் குவித்தார். சென்னை 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. 2010 ஏப்ரல் 25-இல் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பையை 22 ரன்களில் வென்று தனது முதல் கோப்பையைச் சென்னை கைப்பற்றியது. பிறகு 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளின் இறுதி ஆட்டங்களில் இதே இரு அணிகள் மோதின. மூன்றிலும் மும்பை வென்றது. கடைசி ஆட்டத்தின் வித்தியாசம் ஒரே ஒரு ரன். 2023 முடிவில் இரு அணிகளும் தலா 5 கோப்பைகளோடு சமநிலையில் நின்றன. ரசிகர்களின் வாக்குவாதம் ஓயாமைக்கு இந்தச் சமநிலையும் ஒரு காரணம்.

'விசில் போடு' என்பது திரையரங்கிலிருந்து மைதானத்துக்கு வந்த பழக்கம். நாயகன் திரையில் தோன்றும்போது விசிலடிப்பது தமிழ் ரசிகனின் வரவேற்பு முறை. மும்பையில் அதற்கான களமாக மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் அருகே இருந்த அரோரா திரையரங்கம் பல ஆண்டுகள் விளங்கியது. ரஜினிகாந்த் படங்களின் முதல் நாள் முதல் காட்சிக்கு தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இளைஞர்கள் அங்கே திரண்டனர். எனவே, சென்னை அணி விசிலைத் தன் அடையாளமாக ஆக்கியபோது மும்பைத் தமிழருக்கு அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் நேரவில்லை.

2018-ஆம் ஆண்டு இந்த உறவில் ஒரு திருப்பம். இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் திரும்பிய சென்னை அணி, தனது முதல் ஆட்டத்தை ஏப்ரல் 7-இல் வான்கடேயில் ஆடி ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஏப்ரல் 10-இல் சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தபோது, காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரிப் போராட்டம் வெடித்தது. மைதானத்துக்குள் காலணி வீசப்பட்டது. எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் அனைத்தும் புணேக்கு மாற்றப்பட்டன. தமிழகத்தில் ஆட இயலாத அணிக்கு மகாராஷ்டிரம் தாய்வீடாயிற்று. ரசிகர்களுக்காகச் சென்னையிலிருந்து புணேக்குத் தனி ரயிலே இயக்கப்பட்டது. மே 27-இல் வான்கடேயில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ரன்கள் அடிக்க, சென்னை கோப்பையை வென்றது. லுங்கியை விரட்டச் சொன்ன நகரின் நடுவில், அன்றிரவு தமிழ் விசில் தடையின்றி ஒலித்தது.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. மஞ்சள் சட்டை அணிவோர் எல்லோரும் தமிழர் அல்லர். ராஞ்சியில் பிறந்த தோனியை 'தல' என்று அழைப்பவர்களில் மராத்தியரும் குஜராத்தியரும் வட இந்தியரும் உண்டு. அவர்கள் நாவில் அச்சொல் 'தாலா' என்று நீண்டு ஒலித்தாலும் மரியாதை குறைவதில்லை. மும்பையில் தென்னிந்தியரைச் சுட்டும் சொல்லாக முன்பு 'மதராசி' என்பதே பெருவழக்காக இருந்தது. 'அண்ணா' என்பதும் உண்டு. அது எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே அன்பாகவோ ஏளனமாகவோ ஆகும். 'தல' என்ற சொல்லில் அந்த இரட்டைத் தொனி இல்லை.

ஒரு வீட்டில் இரு நிறம்

தாராவியிலும் செம்பூரிலும் இன்று ஒரே வீட்டில் தந்தை மஞ்சளும் மகன் நீலமும் அணிவது அரிதன்று. தந்தைக்குச் சென்னை அணி என்பது விட்டு வந்த மொழியின் நீட்சி. மகனுக்கோ மும்பை பிறந்த ஊர். செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் வளர்ந்த சூரியகுமார் யாதவ் ஆடும் அணி அவனுடைய அணி.

இதில் யாருடைய விசுவாசம் சரியானது என்று வெளியாள் கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. 1990-இல் பிரிட்டன் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர்களுள் ஒருவரான நார்மன் டெபிட், ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்காகக் கைதட்டுகின்றனர் என்று கேட்டார். அதற்கு 'கிரிக்கெட் சோதனை' என்றே பெயர் நிலைத்தது. பிறந்த நாட்டு அணிக்குக் கைதட்டினால் வாழும் நாட்டுக்கு அந்நியர் என்பது அதில் மறைந்திருந்த வாதம். அக்கருத்து அப்போதே கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

'மும்பைச் சோற்றைத் தின்றுவிட்டுச் சென்னைக்கு விசிலடிக்கிறாயா?' என்ற கேள்வி ரயில் பெட்டியில் எழும்போது, கேட்பவர் அறியாமலே டெபிட்டின் சோதனையை நடத்துகிறார். இதே தவறு மறுபக்கமும் நிகழ்கிறது. நீலச் சட்டை அணிந்த தமிழ் இளைஞனிடம் 'நீயெல்லாம் தமிழனா?' என்று மஞ்சள் சட்டைக்காரர் கேட்பதும் அதே சோதனைதான்.

இவ்விரு கேள்விகளுக்கும் அணிகளின் பட்டியலே பதிலளிக்கிறது. 2023 ஏப்ரல் 8-இல் வான்கடேயில் 27 பந்துகளில் 61 ரன்கள் விளாசிச் சென்னையை வெல்ல வைத்தவர் மும்பையின் அஜிங்க்ய ரஹானே. சென்னையின் சிக்சர் மன்னன் ஷிவம் துபே மும்பைக்காரர். 2025 ஏப்ரல் 20-இல் சென்னை அணிக்காக வான்கடேயிலேயே அறிமுகமான 17 வயது ஆயுஷ் மாத்ரே விராரைச் சேர்ந்தவர். 2013-இல் மும்பை முதல் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஆடியவர் சென்னையின் தினேஷ் கார்த்திக். ஏலத்தில் விலைபோகும் ஆட்டக்காரர்களே ஊர் மாறி ஆடும்போது, ரசிகனை மட்டும் பிறப்புச் சான்றிதழோடு நிறுத்துவது நியாயமாகாது.

கேட்பதும் பதில் சொல்வதும்

முழக்கப் பரிமாற்றம் மும்பைக்குப் புதிதன்று. விநாயக சதுர்த்தியின்போது ஒருவர் 'கணபதி பப்பா' என்று குரல் கொடுத்தால், தெருவே 'மோரியா' என்று பதில் கொடுக்கும். முதல் குரலுக்கு உரியவர் யார், எந்த மொழியினர் என்று எவரும் கேட்பதில்லை. மாட்டுங்கா நிலையத்தருகே அமைக்கப்படும் விநாயகர் பந்தலில் தமிழரும் மராத்தியரும் சேர்ந்தே அதை முழங்கி வந்துள்ளனர். ரோஹித் சர்மாவுக்காக வான்கடே எழுப்பும் 'மும்பைச்சா ராஜா' என்ற முழக்கம்கூட லால்பாக் விநாயகரின் பெயரிலிருந்து பிறந்ததே.

அமெரிக்காவில் இப்பழக்கம் அன்றாட வணக்கமாகவே மாறிவிட்டது. அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து ரசிகர்கள் விமான நிலையத்திலோ கடைத்தெருவிலோ தம் அணியின் சின்னத்தைக் கண்டால் 'ரோல் டைட்' என்பார்கள். பதிலும் அதே இரு சொற்கள்தாம். அதே மாநிலத்தின் ஆபர்ன் ரசிகர்களுக்கு 'வார் ஈகிள்'. மிச்சிகனில் 'கோ ப்ளூ'. சொன்னவருக்குப் பதில் சொல்லாமல் போவது, நீட்டிய கையைப் பற்றாமல் செல்வதற்கு ஒப்பாகக் கருதப்படுகிறது. அதேசமயம், பதில் சொன்னதும் அவரவர் வழியில் போய்விட வேண்டும். அதை வைத்து நெடுநேரம் பேச்சுக் கொடுப்பதோ பின்தொடர்வதோ முறையாகாது.

இந்த அளவுகோல் மும்பைக்கும் பொருந்தும். ஒரே அணிச் சட்டைக்காரர் முழங்கினால் ஒரு விசிலோ ஒரு தலையசைப்போ போதும். களைத்து வீடு திரும்புகிறவர் பதில் சொல்லாவிட்டால் அதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. கையில் குழந்தையோடு நிற்பவரையும், மருத்துவமனைக்கோ துக்க வீட்டுக்கோ செல்பவரையும் முழக்கத்துக்கு இழுக்கலாகாது. மஞ்சள் சட்டை அணிந்த எல்லோரிடமும் தமிழில்தான் முழங்க வேண்டும் என்பதும் இல்லை.

விசிலுக்கென்று கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. மைதானத்தில் கொண்டாட்டமாக ஒலிக்கும் அதே விசில், ரயில் நிலைய நடைமேடையில் பெண்கள் பெட்டியின் அருகே ஒலித்தால் அதன் பொருளே வேறு. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கில் எழுப்பப்படும் ஒலியும் தண்டனைக்குரியது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆவது பிரிவு. இந்திய தண்டனைச் சட்டத்தில் 509-ஆவது பிரிவாக இருந்தது அது. அணிக்காகத்தான் விசிலடித்தேன் என்று விசிலடித்தவர் சொல்லக்கூடும். கேட்ட பெண்ணுக்கு அது அப்படி ஒலித்ததா என்பதே முதன்மையான கேள்வி. மஞ்சளும் நீலமும் அணிந்த பெண்கள் மைதானத்துக்கு அதிகமாக வரத் தொடங்கியுள்ள இக்காலத்தில், இது ஆண் ரசிகர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம்.

வான்கடே கற்ற பாடம்

எதிரணியை நோக்கி எழும் குரலில்தான் நாகரிகத்தின் உண்மையான சோதனை. வான்கடேயின் வரலாறு இதில் கலவையானது. 2006 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 1 ரன்னில் ஆட்டமிழந்த சச்சின் டெண்டுல்கரையே சொந்த ஊர் ரசிகர்கள் கூச்சலிட்டு அனுப்பினர். 2007 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை நோக்கிச் சிலர் குரங்கைப்போலச் சைகை செய்தனர்; அவர்கள் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது. 2013 ஐபிஎல் போட்டியின்போது விராட் கோலி கூச்சலுக்கு ஆளானார். கூச்சலிடப்படுபவர்கள் இந்தியாவுக்காகவும் ஆடுகிறவர்கள் என்பதை இங்குள்ளோர் மறந்துவிடுகின்றனர் என்று அவர் வருந்தினார்.

2024-இல் மும்பை அணித் தலைமை ரோஹித் சர்மாவிடமிருந்து ஹார்திக் பாண்டியாவுக்கு மாற்றப்பட்டபோது கூச்சல் உச்சத்தை எட்டியது. ஏப்ரல் 1-ஆம் தேதி, நாணயச் சுழற்சியின்போது வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளுமாறு கேட்க நேர்ந்தது. களத்தில் நின்ற ரோஹித்தே கூச்சலை நிறுத்துமாறு சைகை காட்டினார். ஏப்ரல் 11-இல் எதிரணிக்காக ஆடிய கோலியும் அவ்வாறே கேட்டுக்கொண்டார். 11 ஆண்டுகளுக்கு முன் அதே மைதானத்தில் கூச்சலைத் தாங்கியவர், இன்னொருவருக்காகப் பரிந்து பேசினார். ரசிகர் சண்டை இவ்வளவு கீழிறங்கலாகாது என்று தமது காணொளியில் கண்டித்த தமிழக வீரர் அஸ்வின், இது திரைப்பட ரசிகர் மன்றங்களின் பாணி என்று சுட்டிக்காட்டினார். விசில் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் வசையும் வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

மூன்று மாதங்களுக்குள் காட்சி மாறியது. உலகக் கோப்பையுடன் இந்திய அணி ஜூலை 4-இல் வான்கடேக்குத் திரும்பியபோது, அதே ஹார்திக்கின் பெயரைச் சொல்லி அதே மைதானம் முழங்கிற்று. வாயிலிருந்து வந்த சொல்லை மாற்றிக்கொள்ள வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு அது சான்று.

இடையே ஏப்ரல் 14-இல் மும்பையும் சென்னையும் மோதிய ஆட்டம், நல்ல ரசனைக்கு உதாரணமாயிற்று. கடைசி ஓவரில் களமிறங்கிய தோனி தொடர்ந்து மூன்று சிக்சர்கள் அடித்து 4 பந்துகளில் 20 ரன்கள் எடுத்தார். மும்பை தோற்றதும் சரியாக 20 ரன்களில். நீலச் சட்டைகளும் எழுந்து நின்று கைதட்டின. அடுத்து ரோஹித் ஆட்டமிழக்காமல் 105 ரன்கள் எடுத்தபோது மஞ்சள் சட்டைகள் அமைதி காக்கவில்லை. அவருக்கும் கைதட்டு கிடைத்தது.

கட்சிக் கொடி கலக்கும்போது

விளையாட்டு முழக்கத்தில் மதமும் கட்சியும் கலக்கும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. 2023 அக்டோபர் 14-இல் ஆமதாபாதில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், ஆட்டமிழந்து திரும்பிய பாகிஸ்தான் வீரர் முகமது ரிஸ்வானை நோக்கிச் சிலர் 'ஜெய் ஸ்ரீராம்' என முழங்கினர். பக்திச் சொல் அங்கே கேலிச் சொல்லாகப் பயன்பட்டது. அப்போது தமிழக விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் அதைக் கண்டித்தார். பாஜகவினர் அவரை எதிர்த்தனர். அந்த விவாதத்தில் பலரும் நினைவுகூர்ந்தது 1999 ஜனவரி 31-ஆம் தேதியை. அன்று சேப்பாக்கத்தில் 12 ரன்களில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்கு, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர். அதே மாதத்தில்தான் தில்லி ஃபெரோஸ் ஷா கோட்லா ஆடுகளத்தைச் சிவசேனையினர் தோண்டினர். வான்கடே ஆடுகளம் அவர்களால் 1991-லேயே தோண்டப்பட்டிருந்தது.

தமிழகம் எப்போதும் இந்த உயரத்தில் நின்றதாகச் சொல்லிக்கொள்ளவும் இயலாது. 2013-இல் ஈழத்தமிழர் பிரச்னையை முன்னிட்டு இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட அனுமதிக்கப்படவில்லை. 2018-இல் காவிரிக்காக வீசப்பட்ட காலணியும் ஆட்டக்காரர்களை நோக்கியே பறந்தது. கோரிக்கைகளில் நியாயம் இருந்தது. ஆனால், களத்தில் நின்றவர்கள் அதற்குப் பொறுப்பாளிகளாக இருக்கவில்லை.

விசிலுக்கும் இப்போது கட்சி நிறம் வந்துவிட்டது. 2026 ஜனவரியில் நடிகர் விஜயின் தமிழக வெற்றிக் கழகத்துக்குத் தேர்தல் ஆணையம் விசில் சின்னத்தை ஒதுக்கியது. 2008-இல் சென்னை அணியின் விளம்பரத் தூதராக இருந்தவர் அவர் என்பது கூடுதல் சுவை. மும்பையை அடுத்த வசாய், விரார் பகுதியில் செல்வாக்குப் பெற்ற பகுஜன் விகாஸ் அகாடியின் அடையாளமும் விசில்தான். இனி 'விசில் போடு' என்று குரல் கொடுப்பவர் ஆட்டத்தைச் சொல்கிறாரா, வாக்கைச் சொல்கிறாரா என்ற ஐயம் எழலாம். மைதானத்து விசிலைக் கட்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருப்பது கட்சிகளின் பொறுப்பு. கட்சிக்காரர் எனக் கருதி எதிரே நிற்பவரிடம் வம்பு வளர்க்காதிருப்பது ரசிகரின் பொறுப்பு.

எழுதப்படாத விதிகள்

சட்டத்தின் எல்லை தெளிவானது. பிறப்பிடம், வசிப்பிடம், மொழி, சாதி, மதம் ஆகியவற்றின் பெயரால் மக்களிடையே பகை வளர்க்கும் சொல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவின் கீழ் குற்றம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. இரவு ஆட்டங்கள் 11 மணியைத் தாண்டி முடியும் நாட்களில், சுவரோடு சுவர் ஒட்டிய தாராவி வீடுகளில் இந்த விதியின் அருமை புரியும். மறுநாள் அதிகாலை வேலைக்குச் செல்ல வேண்டியவர் பக்கத்து வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்.

சட்டம் தொடாத இடங்களில்தான் நாகரிகம் வேலை செய்கிறது. ஆட்டத்தைப் பற்றி எதையும் சொல்லலாம். ஆளின் மொழியை, தாயை, ஊரை இழுக்கலாகாது. ஆட்டத்துக்கு முன் எவ்வளவு சீண்டினாலும் தகும்; தோற்ற பிறகு தோற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருப்பது வென்றவருக்கு அழகு. கூட்டமாக இருப்பவர்கள் தனியாக நிற்கும் எதிரணி ரசிகரைச் சூழ்ந்து முழங்குவது கேலி ஆகாது, அது மிரட்டல். ஒரு பெட்டியில் நூறு பேர் நீலமும் ஒருவர் மஞ்சளுமாக இருந்தால், அந்த ஒருவரின் விசிலுக்கு இடம்விட வேண்டியவர்கள் நூறு பேர்தாம். இது வான்கடேக்குப் பொருந்துவது போலவே சேப்பாக்கத்துக்கும் பொருந்தும். அங்கே நீலச் சட்டையோடு தனியே அமர்ந்திருக்கும் மராத்தியர் அல்லது பிகாரி இளைஞரைச் சென்னை எவ்வாறு நடத்துகிறது என்பதை வைத்தே, மும்பையில் தமிழருக்கு உரிய இடத்தைக் கேட்கும் தகுதி தமிழகத்துக்கு அமையும்.

புங்கி முழக்கத்துக்கும் விசில் முழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு எளிது. முன்னது பதிலை எதிர்பார்த்து எழுப்பப்பட்டது அன்று. கேட்பவரை வெளியேற்றுவதே அதன் நோக்கம். பின்னதற்குப் பதில் குரல் இல்லாமல் பொருளே இல்லை. சயான் நிலையத்தில் ஒருவர் விசிலடிக்கையில் எதிர் நடைமேடையிலிருந்து மும்பை அணியின் முழக்கம் பதிலாக வருமானால், இருவரும் ஒரே நகரத்தவர் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டதாகவே பொருள்.